ஓர் அச்சுறுத்தல் கண்டறியப்பட்டது

அந்தக் கடிதத்தின் கடைசி வரியை அக்கா வேகத்தைக் குறைத்து, கணினியை மூன்று முறை திரும்பத் திரும்ப வாசிக்க விட்டாள். அடுத்த அறையில் ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கே அது மனப்பாடமாகிவிட்டது. 'இதில் சிரமம் உள்ளவர்கள் வீட்டில் இருப்பவர்களின் உதவியைப் பெறலாம்.'

"கண்ணாடி, இங்க வா."

கண்ணாடி என்பது நான்தான். ஜன்னலுக்கும் படச்சட்டத்துக்கும் கண்ணாடி அளந்து வெட்டும் கடையில் வேலை செய்கிறேன். அந்த வாரம் கண்ணாடிக்குப் பதிலாகக் கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன். நான்கு தையல், பத்து நாள் விடுப்பு. அக்கா என் கணவரின் அக்கா. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்றே என் தொழில் என்ன என்று கேட்டு, இந்தப் பெயரைச் சூட்டிவிட்டாள். "எனக்கு எதுக்கும் ஆகாத பொருளு. அதனாலயே மறக்காது" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடிக்கும்.

நான் போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

"சிரமம் உள்ளவர்கள்னா யாரு?"

"எல்லாருக்கும் ஒரே கடிதம்தானே அக்கா அனுப்பியிருப்பாங்க."

"கடிதம் எல்லாருக்கும். அந்த வரி எனக்கு."

ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கி அனுப்புவது அவள் வேலை. விசாரணைகள், சங்கக் கூட்டங்கள், நோயாளி எழுந்துபோன பின் மருத்துவர்கள் அவசரமாகப் பேசிவைக்கும் குறிப்புகள். பதினோரு வருடமாக வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து செய்கிறாள். கடிதம் சொன்னது இதுதான்: யாரோ ஒருவரின் வீட்டுக் கணினியிலிருந்து அலுவலகத்துக்குள் வைரஸ் புகுந்துவிட்டது. ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்யும் எல்லோரும் ஆன்டிவைரஸ் ஒன்றை நிறுவி, கணினி முழுவதையும் சோதித்து, அதன் அறிக்கையை வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். இலவச மென்பொருளே போதும். அனுப்பாதவர்களுக்குத் திங்கள் முதல் வேலை கிடையாது. அன்றைக்குச் செவ்வாய்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் லிப்ட் மெக்கானிக். எந்தக் கோளாறு என்றாலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பது அவர் சுபாவம்.

"இதுக்கா இவ்ளோ யோசனை? காலைல கடைக்காரன்கிட்ட குடுத்தா சாயங்காலம் சுத்தமா துடைச்சிக் குடுத்துருவான்."

"போன தடவையும் சுத்தமாத்தான் துடைச்சான்" என்றாள் அக்கா. "என்னையும் சேத்து."

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது எங்கள் மூன்று பேருக்கும் நன்றாக நினைவிருந்தது. அப்போது கணினி மெதுவாகிவிட்டது என்று அவளைக் கேட்காமலே அவர் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்தபோது புத்தம்புதிதாக இருந்தது. பேசி மட்டும் அதில் இல்லை.

பேசி என்பது சின்ன மென்பொருள். அக்காவும், பயிற்சி நிலையத்தில் கூடப் படித்த அவள் தோழியுமாகச் சேர்ந்து எழுதியது. கீபோர்டில் எதை அழுத்தினாலும் அதைக் கவனித்து அந்த எழுத்தைச் சொல்லும். திரையில் எங்கே போனாலும் கூடவே வந்து அங்கே என்ன இருக்கிறது என்று வாசிக்கும். எழுத்துகளைச் சொல்லும் குரல் அக்காவுடையதே. துணி அலமாரிக்குள் போர்வையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, அகரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்களாம். 'ஞௌ' வந்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, சிரிப்போடு பதிவாகிவிட்டது. "அந்த எழுத்தை எவ அடிக்கப்போறா, இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டார்களாம். அவள் வைத்திருக்கும் வேகத்தில் கேட்டால் நமக்கு ஒன்றும் விளங்காது. தகரத்தின்மேல் ஆணியைக் கொட்டியது போலிருக்கும். நானும் கேட்க வேண்டுமென்றால் மட்டும் வேகத்தைக் குறைப்பாள்.

அந்தப் பழைய பிரதியைத் தேடிப்பிடித்து மறுபடி ஏற்றப் பதினெட்டு நாள் ஆயிற்று. பதினெட்டு நாளும் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்டுச் சொல்லச் சொல்ல இரண்டு விரலால் அடித்தார். பாசமாகத்தான் அடித்தார். பதினெட்டாவது நாள் அக்கா சொன்னாள்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் இந்த வேலையை விட்டுடுவேன்டா. உன் பக்கத்துல உக்காந்து செய்யிறதுக்குப் பேரு என் வேலை இல்ல." அவள் சும்மா சொல்லமாட்டாள்.

"சரி, நீயே என்ன பண்றதா இருக்க?" என்று அவர் கேட்டார்.

"ஆன்டிவைரஸை நானே பாத்து எடுப்பேன். நானே போடுவேன். நானே ஓட்டுவேன். யாரும் மவுஸைத் தொடக்கூடாது."

"எது நல்லதுன்னு எப்படித் தெரியும்? என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஒண்ணு வெச்சிருக்கான், அதுல பச்சைக் கலர்ல..."

"பச்சைக் கலரா. அப்ப அதையே எடுத்துடறேன்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை முழுக்கத் தேர்வு நடந்தது. வேறு வேலை இல்லாததால் நானும் அறையின் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எந்தெந்த இலவச ஆன்டிவைரஸ் எத்தனை வைரஸைப் பிடிக்கிறது என்ற சோதனை விவரங்களையெல்லாம் அவள் முந்தின நாளே கேட்டு முடித்திருந்தாள். மூன்று தேறின. மூன்றையும் அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கினாள். நடுவில் வேறொரு தளம் வந்து, நான்தான் நான்தான் என்று கூவியது. "நீ யாருன்னே தெரியல, உன்கிட்ட எதுக்கு வாங்கணும்?" என்று அதை மூடினாள். ஒரே நேரத்தில் இரண்டைப் போடவும் மாட்டாள். ஒன்றைப் போட்டு, பார்த்து, சுத்தமாக எடுத்துவிட்டுத்தான் அடுத்தது. "ரெண்டு காவல்காரங்களை ஒரே வாசல்ல விட்டா ஒருத்தனை ஒருத்தன் திருடன்னு புடிச்சிக்குவானுங்க. வீடு தொறந்து கெடக்கும்."

முதலாவது திறந்ததும் நான் அசந்துபோனேன். கண்ணுக்கு அவ்வளவு அழகு. கருநீலப் பின்னணியில் வட்டம் வட்டமாக ஏதேதோ மிதந்தன. பேசி சொன்னது: "படம். படம். படம். படம்."

"இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"எழுத்தே இல்லக்கா. கேடயம் மாதிரி ஒண்ணு. பூதக்கண்ணாடி ஒண்ணு. அப்புறம் ஒரு சக்கரம்."

"ஊமை. தூக்கு."

இரண்டாவது பேசியது. பேசிக்கொண்டே இருந்தது என்று சொல்ல வேண்டும். நிறுவிய நாலாவது நிமிடம் 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது' என்றது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எந்த ஆபத்து என்று தேடிப் போனால், கட்டணப் பதிப்பு வாங்காததுதான் ஆபத்து. மூடினாள். பத்து நிமிடத்தில் மறுபடி வந்தது. இம்முறை மூடும் பொத்தானுக்குக் கீபோர்டில் வழியே இல்லை. மவுஸால் மட்டுமே போக முடியும் என்பது போல மூலையில் ஒளித்துவைத்திருந்தார்கள்.

"நான் வேணா ஒரே ஒரு க்ளிக்..." என்றேன்.

"ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கவா? பயமுறுத்தி விக்கிறவன் எனக்குக் காவலுக்கு வேணாம்."

அதுவும் போயிற்று.

மூன்றாவது பார்க்கச் சகிக்கவில்லை. சாம்பல் நிறம், பழைய அரசாங்கப் படிவம் போன்ற பெட்டிகள். ஆனால் பேசி அதன்மேல் கால் வைத்ததும் ஒவ்வொரு பொத்தானும் தன் பெயரைச் சொன்னது. 'சோதனை, பொத்தான்.' 'தனிமைப்படுத்தியவை, பொத்தான்.' 'விலக்குப் பட்டியல், பொத்தான்.' ஒரு நாளைக்கு ஒரே ஒரு விளம்பரம்தான் வரும் என்று அதுவே முன்கூட்டிச் சொல்லிவிட்டது. அக்காவின் முகம் மலர்ந்தது. நல்ல மாப்பிள்ளை கிடைத்த வீடு மாதிரி இருந்தது அந்த அறை.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் எனக்கு வேடிக்கை. எதையும் இயக்கவில்லை. டேப் விசையை மட்டும் அழுத்தி அழுத்தி ஒவ்வொரு பக்கமாகப் போய்வந்தாள். புது வீட்டுக்குக் குடிபோனால் முதலில் சுவரைத் தொட்டுக்கொண்டு எல்லா அறைக்கும் நடப்பாளாம், அதுபோல. முகப்பிலிருந்து நாலு தட்டு, தனிமைப்படுத்தியவை. அதற்குள் பட்டியல். பட்டியலிலிருந்து ரெண்டு தட்டு, மீட்டெடு. மூணு தட்டு, நிரந்தரமாக நீக்கு.

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஒரு தடுப்பு வெச்சிருக்கலாம் பாவிங்க" என்றாள்.

அமைப்புகளில் ஒரு கேள்வி இருந்தது. அச்சுறுத்தல் கண்டால் உங்களைக் கேட்க வேண்டுமா, தானாகவே நடவடிக்கை எடுக்கலாமா? இரண்டாவது ஆன்டிவைரஸ் அன்று காலை முழுக்கக் காதைக் குடைந்திருந்ததால் அக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "என்னை ஒண்ணும் கேக்க வேணாம். நீயே பாத்துக்க" என்று தானாகவே என்பதை அழுத்தினாள். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது.

வியாழன் காலை ஒன்பதரைக்குச் சோதனையைத் தொடங்கினாள். அவருக்கு அன்று மதிய ஷிப்ட், வீட்டில்தான் இருந்தார். பேசி ஐந்து சதவீதத்துக்கு ஒரு முறை கணக்குச் சொன்னது. முப்பத்தைந்து. நாற்பது. அக்கா காலை ஆட்டிக்கொண்டே முந்தின வாரப் பதிவொன்றில் ஒரு மருத்துவர் எப்படித் தும்மினார் என்று எனக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

அவள் ஒரு விசையை அழுத்தினாள். சத்தமில்லை. இன்னொன்றை அழுத்தினாள். பிளாஸ்டிக் அழுந்தும் 'டொக்' மட்டும் கேட்டது. பத்து விரலும் கீபோர்டின்மேல் அப்படியே நின்றன. கரண்ட் போனால் நாம் நடுக்கூடத்தில் நிற்போமே, அந்த நிற்பு.

நான் திரையைப் பார்த்தேன். வலது மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று. ஓர் அச்சுறுத்தல் கண்டறியப்பட்டது. தனிமைப்படுத்தப்பட்டது. கீழே பேசியின் கோப்புப் பெயர்.

"அக்கா..."

"பேசியைப் புடிச்சிருச்சா?"

"ஆமா."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். "நான்தான் சாவியைக் கையில குடுத்தேன். தானாகவே!"

அவர் அதற்குள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். "தள்ளு, நான் பாக்கறேன்." அவர் கை மவுஸின்மேல் போனது. அக்கா திரும்பவே இல்லை. இடதுகை மட்டும் பறந்துவந்து அவர் புறங்கையில் 'பட்' என்று இறங்கியது.

"ஆ!"

"சொன்னேனா இல்லையா?"

"அக்கா, சத்தமே வரல. நீ எப்படி...?"

"வாய்தான் போச்சு. கை இருக்கு."

"அது வைரஸ்னு மெஷினே சொல்லுது. கீபோர்டுல அடிக்கிறதை ஒட்டுக் கேக்குதாம், இங்க போட்டிருக்கு பாரு."

"பாக்கறேன், என் மூக்குக் கண்ணாடியைக் குடு" என்றாள் அக்கா. அவர் முகம் சுருங்கியது. அவளும் உடனே குரலைத் தணித்தாள். "டேய், கேக்கத்தானே அதை எழுதினேன். நான் அடிக்கிறதை அது கேக்கலைன்னா எனக்கு எப்படிச் சொல்லும்? லிப்ட்ல ஆள் ஏறினதும் எடை தெரியுதுல்ல, அதுக்காக லிப்ட் ஆளை வேவு பாக்குதுன்னா சொல்லுவ?"

"அதுக்கில்ல. இத்தனை வருஷம் பழசு. எந்தக் கம்பெனியும் பொறுப்பு ஏத்துக்காத சாஃப்ட்வேர். உள்ள வேற எதுவும் பூந்திருந்தா?"

அது நியாயமான கேள்வி. அக்காவும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். சிறிது நேரம் விரலால் மேசையைத் தட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கண்ணாடி, இப்ப நீதான் பேசி. திரையில இருக்கிறதைப் படி. படிக்க மட்டும் செய். என்ன செய்யணும்னு ஒரு வார்த்தை சொன்னே, உன் கையிலயும் ஒண்ணு விழும்."

"எனக்குத் தையல் போட்டிருக்குக்கா."

"தெரியும். இன்னொரு கையில."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "இப்ப நடுவுல ஒரு பெட்டி வந்திருக்கு. 'இன்றே முழுப் பாதுகாப்புக்கு மாறுங்கள்.' பொத்தான், மாறு. பொத்தான், பிறகு நினைவூட்டு. மாறு மேல நிக்குது."

"இன்னைக்கு வரவேண்டிய ஒரே விளம்பரம். வந்த நேரத்தைப் பாரு." டேப், என்டர். பெட்டி போயிற்று.

"அவ்ளோ மெதுவா படிச்சா தூங்கிருவேன். ஓட்டமா படி."

நாலு தட்டு, என்டர். அவள் கை தவறவில்லை. அவள் தட்டத் தட்டத் திரையில் அந்த மெல்லிய கோட்டுச் சட்டம் பொத்தான் பொத்தானாகத் தாவியது. 'நிரந்தரமாக நீக்கு' என்பது அடுத்த வீடுதான். மவுஸ் என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கண்ணாடி வெட்டும்போது கத்தியின் சின்னச் சக்கரம் கோட்டைவிட்டு விலகுகிறது என்று தோன்றினால் கை தானாகப் போய்ப் பிடிக்கும். அந்தக் கையை நான் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

"பட்டியல். ஒரே ஒரு கோப்பு. விவரம், பொத்தான்."

"விவரத்தைத் தொறக்கறேன். என்ன பேரு வெச்சிருக்கான் வைரஸுக்கு?"

"பேரு இல்லக்கா. 'சந்தேகத்துக்குரிய நடத்தை'ன்னு இருக்கு."

"நடத்தையா!" அக்கா சிரித்துவிட்டாள். "ஊர்ல இருக்கிற பொம்பளைங்களைச் சொல்ற மாதிரியே சொல்றான். சரி, அளவு என்ன?"

நான் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆறு இலக்கம். மாற்றிய தேதியையும் படித்தேன். அவள் உதட்டை அசைத்துச் சரிபார்த்தாள்.

"அந்த அளவு எனக்கு மனப்பாடம். ஒரு பைட்டு கூடல, ஒரு பைட்டு குறையல. தேதியும் நான் கடைசியா மாத்தின தேதிதான். உள்ள எவனும் பூரல. கேட்டியாடா?"

"கேட்டேன்" என்றார் அவர். கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ரெண்டு தட்டு. "மீட்டெடு" என்று படித்தேன். என்டர். 'இது உங்கள் கணினிக்குத் தீங்கு விளைவிக்கலாம். நிச்சயமாக மீட்டெடுக்க வேண்டுமா?' என்று படித்தேன்.

"ஆமாங்கறேன்."

அவள் உடனே பேசியைத் தொடக்கும் மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினாள். ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு. அவள் ஓர் எழுத்தை அடித்தாள். 'க' என்றது அவளுடைய குரல். அடுத்த எழுத்தை அடிப்பதற்குள் மறுபடி சிவப்புப் பெட்டி, மறுபடி அமைதி.

"பாத்தியா? திரும்பவும் புடிச்சிருச்சு" என்றார் அவர். "விட்டுரு அக்கா. வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் உக்காந்து..."

"நீ உக்காரமாட்ட."

அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அவர் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். வேலைக்குக் கிளம்ப நேரமாகியும் போகவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அப்படிச் செய்வது ஏதாவது ஒன்றை மனத்துக்குள் நடந்து பார்க்கும்போதுதான். "ஜெயில்லேருந்து வெளிய விட்டா வாசல்லயே புடிக்கிறான். முதல்ல வாசல்ல இருக்கிறவன்கிட்ட, இவனைப் புடிக்காதேன்னு பேரைக் குடுக்கணும்." முகப்புக்குப் போனாள். ஏழு தட்டு, என்டர். "விலக்குப் பட்டியல்" என்று படித்தேன். "பொத்தான், சேர். வெற்றுப் பெட்டி. அதுல கோப்பு எங்க இருக்குன்னு எழுதணுமாம்."

அவள் அடிக்க ஆரம்பித்தாள். பேசி இல்லாமல் அவள் அடித்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு விசைக்கும் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், குரல் வருமென்று பழக்கத்தில் காத்திருப்பது போல. அடித்து முடித்ததும் "எழுத்தெழுத்தா படி" என்றாள். படித்தேன். நடுவில் ஒரு சாய்கோடு விட்டுப்போயிருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இருப்பதை இருக்கிறபடியே படித்தேன்.

"நில்லு. அந்த ரெண்டு சொல்லுக்கு நடுவுல ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல."

திரும்பிப் போய்ச் சேர்த்தாள். நான் மறுபடி படித்தேன். என்டர். திரும்பவும் நாலு தட்டு, பட்டியல், ரெண்டு தட்டு, மீட்டெடு, ஆமாம். மூன்று விசைகளை அழுத்தினாள்.

கரகரப்பு. பிறகு அந்தத் தகரத்தில் ஆணி கொட்டும் சத்தம். நின்றபாடில்லை. விட்டுப்போன எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது போலக் கடகடவென்று கொட்டியது. அக்கா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

"நீ நல்லாத்தான் படிச்ச" என்றாள் என்னிடம். "ஆனா அது இன்னும் நல்லா படிக்குது. ஏண்டா, உனக்கு வேலை இல்லையா? அங்க எவனாச்சும் நாலாவது மாடியில தொங்கிக்கிட்டு இருக்கப் போறான்."

அவர் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

சோதனை பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்தது. மீதி எல்லாம் சுத்தம். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே அறிக்கையை அனுப்பிவிட்டாள். அச்சுறுத்தல்கள்: ஒன்று. நீக்கப்பட்டவை: பூஜ்யம். விலக்கப்பட்டவை: ஒன்று.

பத்து மணிக்கு அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் அம்மா போனில் வந்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ரிப்போர்ட் கிடைச்சுது. ஆனா அதுல ஒண்ணுன்னு இருக்கே?"

"இருக்கு மேடம். அது நான் வேலை செய்யிற சாஃப்ட்வேர்."

"புரியுது. ஆனா மேல அனுப்பறதுக்கு எல்லாருக்கும் பூஜ்யம் வரணும். நீங்க ஒண்ணு பண்ணுங்களேன். அதைக் கொஞ்ச நேரம் மட்டும் எடுத்துட்டு, ஸ்கேன் ஓட்டி, அந்த ரிப்போர்ட்டை அனுப்பிடுங்க. அப்புறம் திரும்பப் போட்டுக்கங்க. யாரு பாக்கப் போறா? வீட்டுல யாரையாவது ஓட்டச் சொன்னா அரை நாள்ல ஆயிடும்."

அந்த அம்மா கெட்டவர் இல்லை. குரலில் அக்கறை இருந்தது. அதனால்தான் மறுப்பது கஷ்டம் என்று நான் நினைத்தேன். அக்காவுக்குக் கஷ்டமாக இல்லை.

"முடியாது மேடம்."

"ஏன் மேடம் பிடிவாதம்? சின்ன விஷயம்தானே?"

"எழுத்துல அனுப்பறேன் மேடம். மேல இருக்கிறவங்களுக்கும் சேத்து."

போனை வைத்ததும் எழுதினாள். பேசி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்தது. 'அறிக்கையில் உள்ள அந்த ஒன்று நான் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருள். விசைகளைக் கவனிப்பதே அதன் வேலை. அதை எடுத்துவிட்டுச் சோதனை நடத்தி, பூஜ்யம் என்று அனுப்ப என்னாலும் முடியும். ஆனால் அது நான் வேலை செய்யாத ஒரு கணினியின் அறிக்கையாக இருக்கும். நான் வேலை செய்யும் கணினியின் அறிக்கை இதுதான். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். இதற்கு வீட்டில் யாருடைய உதவியும் பெறவில்லை.'

"கடைசி வரி பொய்யாச்சே அக்கா. நான் படிச்சேனே."

அவள் யோசித்தாள். அழித்துவிட்டு மாற்றி எழுதினாள். 'திரையை வாசித்துச் சொன்னது என் தம்பி மனைவி. மற்றதெல்லாம் நான்.'

பன்னிரண்டு மணி ஆயிற்று. பதில் இல்லை. சாயங்காலமும் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் என் கணவர் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்காகவே வீட்டில் எண்ணெய் தேவைப்படாத கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். ஒரு தடவை மட்டும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வேலை போயிடும். போனா சாப்பாட்டுக்கு ஒண்ணும் பஞ்சமில்ல. ஆனா அவ அந்த ரூம்ல சும்மா உக்காந்திருக்கிறதை நான் பாக்கமாட்டேன்." அவருக்குப் பயம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு வழக்கமாக வரும் பதிவுகள் வரவில்லை. ஒன்பதே முக்காலுக்குப் போன் வந்தது. அலுவலகத்தின் கணினிப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஓர் ஆள். குரலை வைத்துப் பார்த்தால் இளைஞர்.

"மேடம், உங்க மெயில் எனக்கு வந்துச்சு. உங்க கம்ப்யூட்டருக்குள்ள இங்கேருந்தே வந்து பாக்கணும். நான் அனுப்புற இணைப்பை ஒத்துக்கங்க."

தன் அலுவலக முகவரியிலிருந்து அவர் அனுப்பியதை அக்கா சரிபார்த்து ஒத்துக்கொண்டாள். திரையில் அம்பு தானாக நகர ஆரம்பித்தது. பேசி தடுமாறிக் குழறியது.

"சார், மவுஸை விடுங்க" என்றாள் அக்கா.

"மேடம்?"

"நீங்க அங்கேருந்து நகத்துனா அது எங்க போறதுன்னு தெரியாம உளறுது. எங்க போகணும்னு சொல்லுங்க, நான் போறேன்."

"நானே பண்ணிட்டா சீக்கிரம் முடியும் மேடம்."

"பந்தயம்?"

பின்னால் நின்றிருந்த என் கணவரால் சும்மா இருக்க முடியவில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "விட்டுருங்க சார். நானே அடி வாங்கியிருக்கேன்."

அந்த ஆள் சிரித்துவிட்டார். அம்பு நின்றது. அதன் பிறகு அரைமணி நேரம் அவர் கேட்டார், அவள் போனாள். எந்தெந்த மென்பொருள் வெளியே எதையெதை அனுப்புகிறது என்று காட்டும் பட்டியலைத் திறக்கச் சொன்னார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அது திறந்திருந்தது. ஒரு பக்கம் ஏதாவது அடிக்கச் சொன்னார். அவள் அடித்தாள், அவர் பட்டியலைக் கவனித்தார்.

"மேடம், அந்தச் சத்தம் என்ன? ஃபேன் ஏதாச்சும் மாட்டிக்கிச்சா?"

"அதுதான் சார் நீங்க தேடி வந்த ஆளு."

"அதுல வார்த்தை இருக்கா?!"

"நீங்க இப்ப பாத்துக்கிட்டு இருக்கிற பட்டியல் முழுக்க அதுல இருக்கு."

அவர் இன்னும் ஒரு வரி அடிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வெளிய ஒரு பைட்டும் போகல. கேக்குது, சொல்லுது, அவ்வளவுதான். ஆனா விதிப்படி பூஜ்யம் இல்லாத மெஷினை ஒரு வாரம் நிறுத்தி வெச்சிப் பாக்கணும்."

"நிறுத்தாதீங்க" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "கோப்பை அனுப்பறேன், பிரிச்சிப் போட்டுப் பாருங்க. எழுதின வரி எல்லாம் அனுப்பறேன், படிச்சிப் பாருங்க. ஒரு தப்பு இருந்தா நானே நிறுத்திக்கிறேன். தப்பே இல்லாம நிறுத்துனீங்கன்னா, கண்ணு தெரிஞ்சவங்க எல்லாரும் திரையை அணைச்சிட்டு ஸ்கேன் ஓட்டி அனுப்பணும்னும் ஒரு விதி போடுங்க."

என் கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

போனில் விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. நீண்ட நேரம் கேட்டது. "பேரு என்ன வெச்சிருக்கீங்க இதுக்கு?" என்றார் அந்த ஆள்.

"பேசி."

"பேசின்னே போட்டிருக்கேன். அனுமதிக்கப்பட்டவை பட்டியல்ல. எழுதின வரி எல்லாம் சாயங்காலத்துக்குள்ள எனக்கு வரணும், படிச்சித்தான் ஆகணும். ஏதாவது இருந்துச்சுன்னா தூக்கிருவேன், சொல்லிட்டேன்."

"தூக்குங்க. முதல்ல படிங்க."

பத்து நிமிடத்தில் பதிவு வந்தது. ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம், ஏதோ சங்கத்தின் நிர்வாகக் கூட்டம். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள் என்று குறிப்பு வேறு போட்டிருந்தார்கள். அக்கா ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, அப்ப எல்லாம் சரியாயிடுச்சா?" என்று கேட்டார் அவர்.

அவள் காதில் அந்த நாலு பேரும் ஏற்கனவே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். விரல்கள் ஓட ஆரம்பித்தன. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, கதவைச் சாத்திவிட்டுப் போங்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் சைகை காட்டினாள்.